முன்கூட்டி மயங்கியவர்

உடம்புக்கு ஒன்றுமே இல்லாமல் ஆஸ்பத்திரிக்குள் நுழைகிற மனிதனை அங்கே யாருக்கும் பிடிப்பதில்லை. நம்ம மாஸ்டர் அப்படித்தான் நுழைந்தார். சட்டையை இஸ்திரி போட்டு, தலையைப் படிய வாரி, மனைவியையும் கூட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி போனார்.

மாஸ்டர் என்றால் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிற மாஸ்டர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள். மீதிப் பேர் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிறார்கள். அவருடைய பயிற்சிக் காரில், ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து சீட்டில் உட்காருகிற மாஸ்டர் காலடியில் இன்னொரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்கின் புண்ணியத்தில்தான் அவரும் இத்தனை வருஷம் உயிரோடு இருக்கிறார், சாலையோரம் போகிறவர்களும் இருக்கிறார்கள். அதன் மேல் வேறு யார் காலும் பட விடமாட்டார். கட்டின மனைவி அந்த சீட்டில் உட்கார்ந்தால்கூட, "காலைப் பின்னாடி இழுத்துக்கோ, அங்க வைக்காதே" என்பார்.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதற்குக் காரணம் அவருடைய அண்ணி.

போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணன் ஒருநாள் குளியலறையில் விழுந்தார். பிறகு கண்ணைத் திறக்கவேயில்லை. மூக்கில் ஒரு குழாய், தொண்டையில் ஒரு குழாய், கழுத்தில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்று மாசக்கணக்கில் கிடந்தார். தினமும் ஒரு டாக்டர் வருவார், தலையைச் சாய்த்து, குரலைத் தாழ்த்தி, "இன்னும் ஒண்ணே ஒண்ணு செஞ்சு பார்க்கலாமாம்மா?" என்று அண்ணியைக் கேட்பார். அண்ணி தலையாட்டுவாள். ஆட்டாமல் என்ன செய்வாள், பாவம். அண்ணன் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தார். அண்ணிதான் மனசால் இன்னும் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நிற்கிறாள். யார் வீட்டுக்கு வந்தாலும் உட்காரச் சொல்வாள், குடிக்கத் தண்ணீர் கொடுப்பாள், அப்புறம் கேட்பாள்: "நான் அவரைக் காப்பாத்தப் பார்த்தேனா, இல்லை போக விடாம இழுத்துப் பிடிச்சேனா? நீங்களாவது சொல்லுங்க." வந்தவர்கள் தம்ளரைப் பார்ப்பார்கள், கடிகாரத்தைப் பார்ப்பார்கள், கிளம்பிவிடுவார்கள்.

அந்தக் கேள்வி ஒருநாள் தன் மனைவி வாயிலிருந்து வரக் கூடாது. மாஸ்டருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். நாள் முழுக்க லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா? அவசரமில்லை, நிதானமா சொல்லுங்க" என்று ஊரார் கண்ணுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் தேடுகிறவள். மாஸ்டர் இந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் அந்தப் பொறுமை காற்றில் பறந்துவிடும்.

"நான் ஸ்டியரிங்கை விட்டுட்டேன்னு வை. பக்கத்துல இருக்கிற உன் காலடியில ஒரு பிரேக் இருக்கணும் இல்லையா?"

"பிரேக்கும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். குத்துக்கல்லாட்டம் உக்காந்துக்கிட்டு என்ன பேச்சு இது? வாயை மூடிக்கிட்டு சாப்பிடுங்க."

கடைசியில் அவள் கூட வந்ததும், இவர் தனியாகப் போய் எதில் கையெழுத்துப் போட்டுத் தொலைப்பாரோ என்கிற பயத்தில்தான்.

ஆஸ்பத்திரியின் முன்விருப்ப மையம் மூன்று கட்டடம் தாண்டி, சமையலறைக்குப் பின்பக்கம், மாடியில் இருந்தது. நமக்கு நினைவு தப்பிப் போனால் எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம், நமக்காக யார் பேசுவார்கள் என்பதையெல்லாம் நினைவு நன்றாக இருக்கும்போதே பதிவு செய்து வைக்கிற இடம். வாசலில் பொன் எழுத்தில், 'உங்கள் விருப்பமே எங்கள் கட்டளை' என்று எழுதியிருந்தது. அதன் கீழே கறுப்பு எழுத்தில், 'விருப்பம் உள்ளவர்கள் சத்தம் போடாமல் வரிசையில் நிற்கவும்' என்று எழுதியிருந்தது.

கவுன்ட்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள். "பேஷண்ட் யாரு?"

"நான்தாம்மா."

"என்ன வியாதி?"

"வியாதி ஒண்ணும் இல்லை. பின்னாடி வந்தா என்ன செய்யணும்னு இப்பவே சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அந்தப் பெண் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "வியாதி இல்லாதவங்களுக்கு இங்க பதிவு கிடையாது சார். கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

"வியாதி வந்து நினைவு போன பிறகு வந்தா?"

"நினைவு இல்லாதவங்க கையெழுத்துப் போட முடியாதே."

"அப்ப எப்பத்தாம்மா வர்றது?"

"அதான் சார், நிறைய பேர் தப்பான நேரத்துல வர்றாங்க" என்றாள் அவள், உண்மையான வருத்தத்தோடு. நல்ல பெண். உதவ வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. திரையில் மேலும் கீழும் தேடிப் பார்த்தாள், பக்கத்து மேஜையைக் கேட்டாள், கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். "உங்களை மயக்கமடைந்தவர்னு போட்டுக்கறேன். பக்கத்துல முன்கூட்டின்னு சேத்துடறேன். சரியா?"

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தாள்.

"போடும்மா" என்றார்.

மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டை ஏறியது. 'மயக்கம் – முன்கூட்டி' என்று அதில் அச்சாகியிருந்தது. மாஸ்டர் நன்றி சொல்லி நடக்கத் தொடங்கினார். உடனே பின்னாலிருந்து குரல் வந்தது.

"சார், நடக்கக் கூடாது. மயங்கினவர் நடந்தா ரெக்கார்டு பொய்யாயிடும்."

ஒரு வார்டு ஊழியர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மாஸ்டர் ஏறி உட்கார்ந்தார். வாழ்நாளில் முதல் தடவையாகக் காலுக்குக் கீழே பிரேக் இல்லாத வண்டியில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் தானாகவே தரையைத் தேடியது. "காலைத் தூக்கி வைங்க சார், மாட்டிக்கும்" என்று ஊழியர் சொல்லிக்கொண்டே வந்தார்.

முதலில் மனத்தெளிவு டாக்டர். சுயபுத்தியோடுதான் பேசுகிறோம் என்று அவர் சான்று தர வேண்டும்.

"சாவைப் பத்தி அடிக்கடி யோசிக்கிறீங்களா?"

"இல்லைங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "யோசிக்காம இவ்வளவு பெரிய முடிவா? தெளிவு இருக்கிற மாதிரித் தெரியலையே."

மாஸ்டர் சுதாரித்துக்கொண்டார். "இல்லை, யோசிக்கிறேன். அப்பப்ப யோசிப்பேன்."

"அப்பப்பவா?" டாக்டரின் முகம் கனிந்தது. "தூக்கம் வருதா? பசிக்குதா? மனச்சோர்வு இருக்கிறவங்க விருப்பத்தை நாங்க ஏத்துக்க முடியாது சார்."

"எவ்வளவு யோசிச்சா சரியா இருக்கும்னு நீங்களே சொல்லிடுங்க டாக்டர், அவ்வளவு யோசிச்சிட்டு வர்றேன்."

டாக்டருக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. மருத்துவர் சொல்படி நடக்கத் தயாராக இருப்பவர், எனவே தெளிவானவர் என்று எழுதி முத்திரை குத்தினார்.

அடுத்தது சாட்சி. சாட்சிக்கு விண்ணப்பதாரரை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவருடைய மரணத்தால் சாட்சிக்கு லாபமும் இருக்கக் கூடாது, வருத்தமும் இருக்கக் கூடாது. மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தனக்குத் தெரிந்தவர்களை எல்லாம் மனசுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தார். எதிர்த் தெரு டிரைவிங் ஸ்கூல்காரருக்கு லாபம். மச்சானுக்கு வருத்தம். அல்லது லாபம், சரியாகச் சொல்ல முடியவில்லை. நன்றாகத் தெரிந்தும் வருத்தப்படாத ஆளுக்கு எங்கே போவது என்று கையைப் பிசைந்தார்.

"நான் போடறேன் சார்" என்றது பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

மெலிந்த, சிரித்த முகமுள்ள பெரியவர். அந்த மையத்தில் அவரை எல்லோரும் நிரந்தரம் என்றுதான் கூப்பிட்டார்கள். மையம் திறந்த வருஷம் விண்ணப்பம் கொடுத்தவராம். தனக்கென்று சொந்தமாக ஒரு குஷன்கூடக் கொண்டுவந்து பெஞ்சில் போட்டிருந்தார்.

"உங்களுக்கு என்னை நல்லாத் தெரியணுமே" என்றார் மாஸ்டர்.

"என் மருமகளுக்கு வண்டி கத்துக் குடுத்தது நீங்கதானே. வீட்டுக்கு வந்து அழுதுக்கிட்டே உங்களைப் பத்தி எல்லாம் சொல்லியிருக்கா. நல்லாவே தெரியும். நீங்க போனா எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது, கவலைப்படாதீங்க."

மாஸ்டருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கையெழுத்து வாங்கிக்கொண்டு கேட்டார். "உங்க விண்ணப்பம் மட்டும் ஏன் இன்னும் முடியலை?"

"என் சாட்சிங்கதான் சார் தாங்கறதில்லை" என்றார் நிரந்தரம். "ஒவ்வொருத்தராப் போயிடறாங்க. மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கச் சொல்றாங்க."

மனைவி இதைக் கேட்டுவிட்டு, வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். உடனே சிரித்ததற்காகத் தன்னையே கோபித்துக்கொண்டு கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியாக இயக்குநர் அறை. வண்டி உள்ளே போனதுமே மாஸ்டர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். அந்த முகம் தெரிந்த முகம். இயக்குநர் ஒரு காலத்தில் மாஸ்டரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவராயிற்றே. முன்னால் லாரி நின்றுகொண்டிருக்கும், "பிரேக்" என்று மாஸ்டர் கத்துவார், இந்த மனிதர் நிதானமாகத் திரும்பி, "எதுக்கு மாஸ்டர்? இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாமே" என்பார். மாஸ்டர்தான் தன் பிரேக்கை மிதித்து மிதித்து இருவரையும் காப்பாற்றுவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் நடுரோட்டில் இறக்கிவிட்டுத் திட்டிவிட்டார். ஆள் அப்புறம் வரவேயில்லை. இப்போது அடையாளம் தெரிந்தால் காரியம் கெட்டுவிடுமே என்று மாஸ்டர் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைப்பது போலப் பாதியை மறைத்துக்கொண்டார்.

இயக்குநர் யாரையும் பார்த்துப் பேசுகிற ரகமில்லை. ஜன்னலைப் பார்த்துப் பேசினார்.

"நோயாளியோட விருப்பம்தான் இங்க எல்லாம். அதை நாங்க எவ்வளவு மதிக்கிறோம்னு உங்களுக்குத் தெரியாது. மத்த ஆஸ்பத்திரியில விருப்பத்தை எழுதி வாங்கி ஏதோ ஒரு ஃபைல்ல சொருகிடுவாங்க. நாங்க அப்படி இல்லை. இரும்பு அலமாரி. ஈரம் புகாது, எலி புகாது. தீவிர சிகிச்சை டாக்டருங்களே புக முடியாது."

"அப்ப அவசரத்துக்கு எடுக்கணும்னா சார்?" என்றார் மாஸ்டர், கர்ச்சீப்புக்குள்ளிருந்து.

"எடுத்தா கசங்கிடும்" என்றார் இயக்குநர். "இதுவரைக்கும் ஒருத்தர் விருப்பம்கூட இங்க கசங்கினதில்லை. எல்லாம் புத்தம் புதுசா அப்படியே இருக்கு. எழுதினவங்கதான் யாரும் இப்ப இல்லை."

சிறிது நேரம் அந்தப் பெருமையை அனுபவித்துவிட்டு அவர் தொடர்ந்தார். "கடைசிப் படி, ஒத்திகை. நீங்க மயங்கிப் படுக்கணும். உங்களுக்காகப் பேசப் போற பிரதிநிதி யாரு? இந்தம்மாவா? இவங்க பக்கத்துல நிப்பாங்க. எங்க குழு கேள்வி கேக்கும், இவங்க பதில் சொல்வாங்க. ஒரே ஒரு விதி. நீங்க அசையக் கூடாது, பேசக் கூடாது. அசைஞ்சா நினைவு இருக்குன்னு அர்த்தம். நினைவு இருக்கிறவருக்கு முன்விருப்பம் செல்லாது."

ஒத்திகை அறையில் நிஜக் கட்டில், நிஜ மெஷின், நிஜக் குழாய்கள். மாஸ்டர் படுத்துக் கண்ணை மூடினார். ஒரு நர்ஸ் கால்மாட்டில் குறிப்பெழுத நின்றார். மனைவி தலைமாட்டில் நின்றாள்.

குழுவின் டாக்டர் தலையைச் சாய்த்து, குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தார்.

"சுவாசத்துக்கு ஒரு சின்னக் குழாய் போட்டுடலாமாம்மா? எல்லாரும் போடறதுதான்."

மனைவி மாஸ்டரின் மூடின கண்ணைப் பார்த்தாள்.

"போடலைன்னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். நாளைக்கு உங்க மனசு சங்கடப்படக் கூடாது பாருங்க. அதுக்காகத்தான் கேக்கறோம்."

"செய்யுங்க" என்றாள் மனைவி.

"சாப்பாட்டுக்கு வயித்துல ஒரு குழாய்? பட்டினி போட்டோம்னு ஆயிடக் கூடாது இல்லையா?"

"செய்யுங்க."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு..."

"எல்லாம் செய்யுங்க" என்றாள். அழுகிறாள் என்பது மாஸ்டருக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அண்ணியின் குரல்தான் அது, வார்த்தைக்கு வார்த்தை. இதைத் தடுக்கத்தானே வந்தோம், வந்த இடத்திலேயே நடக்கிறதே என்று நினைத்துக்கொண்டார்.

கைதட்டல் கேட்டது. இயக்குநர்தான். "பிரமாதம். நூத்துக்கு நூறு. எங்க ஒத்திகை எல்லாமே இப்படித்தான் வெற்றியா முடியும். பிரதிநிதிங்க எல்லாத்துக்கும் சம்மதிச்சுடுவாங்க. விருப்பத்தைப் பிரிச்சுப் படிக்கிற அவசியமே வந்ததில்லை. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, கண்ணைத் திறந்துக்கலாம்."

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். "போடமாட்டேன் சார். மறுபடி ஒத்திகை வேணும்."

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறு ஒத்திகை கேட்ட ஆளை அவர்கள் கண்டதேயில்லை. விதியைப் புரட்டினார்கள். கேட்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று இயக்குநர் எரிச்சலோடு எழுந்து போனார்.

வராந்தா ஓரத்தில் நாற்காலியை நிறுத்திவிட்டு வார்டு ஊழியர் சாப்பிடப் போய்விட்டார். மனைவி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். மாஸ்டருக்குத் திட்ட வாய் வந்தது. ஊரையே திட்டின வாய். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மென்று விழுங்கினார்.

"அவங்க கேக்கற விதம் அப்படிங்க" என்றாள் அவள். "வேண்டாம்னு சொன்னா நான் உங்களைக் கொன்ன மாதிரி. அப்படிக் கேட்டா எவ வேண்டாம்னு சொல்லுவா?"

"தெரியுது."

"உங்க மேலயும் கோவமா வருது. வீட்டுல பிரேக்கு பிரேக்குன்னு சொன்னீங்களே தவிர, எங்க மிதிக்கணும்னு ஒரு நாளாவது சொன்னீங்களா?"

மாஸ்டர் திருதிருவென்று விழித்தார். அவள் மூக்கை உறிஞ்சி, புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, கடையில் உட்காருவது போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கண்ணை மூடுங்க."

"இப்பத்தானே திறந்தேன்."

"மூடுங்கன்னா. கடையில கேக்கற மாதிரி கேக்கறேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. அவசரமில்லை. நீங்க சொல்றதுதான் சரி, தப்புன்னு எதுவும் கிடையாது."

மாஸ்டர் கண்ணை மூடினார்.

"எழுந்திருக்க முடியாது, எல்லாம் படுக்கையிலதான். ஆனா நான் யாருன்னு தெரியுது. நான் பேசறது புரியுது. இது ஒண்ணு. நல்லா நடக்கறீங்க, நல்லா சாப்பிடறீங்க, ஆனா நான் யாருன்னே தெரியலை. இது ரெண்டு. இதுவா, அதுவா?"

"முதல் ஒண்ணு" என்றார் மாஸ்டர். "நீ யாருன்னு தெரியாம நடந்து எங்க போகப் போறேன்?"

"சரி. மெஷின்தான் மூச்சு விடுது. கொஞ்ச நாள்ல எடுத்துடலாம்னு சொல்றாங்க. இது ஒண்ணு. எடுக்கவே முடியாதுன்னு சொல்றாங்க. இது ரெண்டு."

"எடுக்கலாம்னா போடட்டும். முடியாதுன்னா வேண்டாம். கண்டிப்பா வேண்டாம்."

"சரி. வலியே இல்லாம தூங்கிக்கிட்டே இருக்கீங்க, என் குரல் கேக்காது. வலி இருக்கு, ஆனா நான் பேசறது கேக்குது. இதுவா, அதுவா?"

சமையலறைப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"மறுபடி போடு" என்றார்.

கடையில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அவளும் கடையில் செய்வதைப் போலவே, அலுத்துக்கொள்ளாமல், அதே வார்த்தைகளை அதே குரலில் மறுபடி சொன்னாள்.

"கொஞ்ச நாள்னா வலி இருந்துட்டுப் போகட்டும், நீ பேசிக்கிட்டிரு" என்றார் மாஸ்டர். "நாள் கணக்குத் தெரியாதுன்னா தூங்க விட்டுடு. பக்கத்துல மட்டும் இரு."

அவர் கண்ணைத் திறந்தபோது அவள் அவருடைய கையைப் பிடித்திருந்தாள். பிளாஸ்டிக் பட்டை இருவர் விரலிலும் குத்தியது.

"அண்ணிகிட்ட யாரும் இப்படிக் கேக்கலைங்க" என்றாள். "அண்ணன்கிட்டயும் ஒருத்தரும் கேக்கலை."

மறு ஒத்திகைக்கு வராந்தாவே வந்து எட்டிப் பார்த்தது. நிரந்தரம் தன் குஷனோடு வந்து கதவோரம் இடம் பிடித்தார். மாஸ்டர் படுத்தார், கண்ணை மூடினார். டாக்டர் தலையைச் சாய்த்தார்.

"சுவாசத்துக்கு ஒரு சின்னக் குழாய் போட்டுடலாமாம்மா? எல்லாரும் போடறதுதான்."

"போட்டா எடுக்க முடியுமா?" என்றாள் மனைவி.

"அது... அந்தச் சமயத்து நிலைமையைப் பொறுத்தது."

"அந்தச் சமயத்துலதான் நாம இருக்கோம். இவர் மயங்கிக் கிடக்கார். எடுக்க முடியுமா, முடியாதா? அவசரமில்லை, நிதானமா சொல்லுங்க."

டாக்டர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் ஜன்னலைப் பார்த்தார். "முடியாதுன்னே வச்சுக்குங்கம்மா" என்றார் டாக்டர்.

"இவர் கண்ணைத் திறந்தா நான் யாருன்னு தெரியுமா?"

"அந்தக் கேள்வி எங்க வரிசையில இல்லை."

"என் வரிசையில அதுதான் முதல் கேள்வி. தெரியுமா, தெரியாதா?"

"தெரியாதுன்னே வச்சுக்குங்க" என்றார் டாக்டர். அவருடைய தலை இப்போது நேராகிவிட்டிருந்தது.

"அப்ப போதும்" என்றாள் மனைவி. குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "குழாய் வேண்டாம். வலி இல்லாமப் பாத்துக்குங்க. எனக்கு ஒரு நாற்காலி போடுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். இது இவர் சொன்னது. நான் சொல்லலை."

குழுவில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் மெதுவாகக் கையைத் தூக்கினார். "சார், போதும்னு சொல்றாங்க. அதுக்கு இங்க இடம் இல்லை. 'ஆம்' இருக்கு, 'சற்று நேரம் கழித்து ஆம்' இருக்கு. எதைப் போடறது?"

இயக்குநர் முதல் தடவையாக ஜன்னலை விட்டுத் திரும்பினார். அவர் கெட்டவரில்லை. நிறுத்துவது என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க முடிந்ததில்லை, அவ்வளவுதான். கட்டிலருகே வந்து, பெரிய மனசோடு, நிதானமாகச் சொன்னார்:

"எதுக்கும்மா நிறுத்தணும்? இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாமே."

அடுத்த கணம் போர்வைக்குள்ளிருந்து மாஸ்டரின் வலது கால் முழு வேகத்தில் இறங்கிக் கட்டிலின் கால்மாட்டுப் பலகையை மிதித்தது. பலகை கழன்று கீழே விழுந்தது. கட்டிலின் சக்கரம் உருண்டு, மெஷின் மேல் இடித்து, மெஷின் கீச்சென்று கத்தத் தொடங்கியது. மாஸ்டர் அதற்குப் பொறுப்பில்லை. அந்தக் குரலில் அந்த வாக்கியத்தைக் கேட்டால் அந்தக் கால் அவரைக் கேட்டுக்கொண்டா இறங்கும்? கண்ணை மட்டும் அவர் திறக்கவேயில்லை.

இயக்குநர் பேயறைந்த மாதிரி நின்றார். கட்டிலில் கிடந்த முகத்தைக் குனிந்து பார்த்தார். "மாஸ்டரா?" என்றார் மெல்ல.

"கால் அசைவு" என்று நர்ஸ் எழுதிக்கொண்டார். "பலமான கால் அசைவு."

தீர்ப்பு உடனே தட்டச்சாகி வந்தது. விண்ணப்பதாரர் அசைந்தபடியால் நினைவுடன் இருக்கிறார். நினைவுடன் இருப்பவருக்கு முன்விருப்பம் தேவையில்லை. பிரதிநிதி சொன்னது பதிவில் ஏறாது. கட்டில் பலகைக்கு அபராதம் தனியாக வரும். இயக்குநர் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாஸ்டருக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு நீட்டினார்.

"அடுத்த வாரம் வருவீங்கல்ல சார்?" என்று நிரந்தரம் குஷனில் பாதி இடம் காட்டினார்.

பதில் சொன்னது மனைவி. "வராம? எனக்கும் சேத்து விண்ணப்பம் குடுக்கணும். 'போதும்'னு ஒரு இடம் அந்தக் கம்ப்யூட்டர்ல வர்ற வரைக்கும் வாரா வாரம் வருவேன். அண்ணியையும் கூட்டிக்கிட்டு வர்றேன். அவங்களுக்கும் இவங்ககிட்ட கேக்கறதுக்கு ஒரு கேள்வி இருக்கு."

பட்டை இன்னும் கையில் இருந்ததால், மயங்கியவரை வாசல் வரைக்கும் நாற்காலியிலேயே தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள். வெளியே வந்ததும் மாஸ்டர் எழுந்து, தன் பயிற்சிக் காரைத் திறந்து, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். மனைவி பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். கார் தெருவுக்கு வந்ததுமே மாஸ்டரின் வாய் திறந்துகொண்டது. இயக்குநரில் ஆரம்பித்து, இரும்பு அலமாரி, எலி, மனத்தெளிவு டாக்டர் என்று ஒருவரையும் விடவில்லை. அவளைப் பார்த்தபடியே, ஒரு கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டு வந்தார். "குரல் உடைஞ்சுது, அழுகை வந்துச்சு, ஆனா விட்டியா நீ? விடலையே. நாற்காலி போடுங்கன்னு கேட்டியே, அடடா..."

முன்னால் போன பஸ் நின்றது. அவர் பார்க்கவில்லை.

கார் நின்றது. குலுங்கவில்லை, கிறீச்சிடவில்லை. நின்றது. பஸ்ஸுக்கும் காருக்கும் நடுவில் ஒரு சைக்கிள் போகிற இடம் மிச்சம் இருந்தது. மாஸ்டர் தன் காலைப் பார்த்தார். அது இருந்த இடத்திலேயே சும்மா இருந்தது. பக்கத்து சீட்டுக்குக் கீழே குனிந்து பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்ட அவளுடைய பாதம் பிரேக்கின் மேல் இருந்தது.

அவருக்குத் திட்ட வாய் வந்தது. வந்து, அப்படியே நின்றது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"காலை எடுத்துடட்டுமா?" என்றாள் அவள்.

மாஸ்டர் சாலையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். கியரை மாற்றினார்.

"வேண்டாம்" என்றார். "அங்கேயே வச்சிரு."